தாழிக்குள் வாழும் மரபு

ஒயின் தயாரிக்கும் இடம் என்றதும், அடுக்கடுக்கான மரப்பீப்பாய்களையும் பளபளக்கும் எஃகுக் கலன்களையும் எதிர்பார்த்துத்தான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். அங்கு இருந்ததோ ஓடு வேய்ந்த ஒரு நீண்ட அறை. சுவரோரம் சில மரக்கழிகளும், நீண்ட காம்பு பொருத்திய சுரைக் குடுவைகளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. தரையில் ஆங்காங்கே வட்டமான கற்பலகைகள். வேறொன்றும் இல்லை. ‘ஒயின் எங்கே?’ என்று கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே என் காலடியைச் சுட்டிக்காட்டினார். நான் நின்றுகொண்டிருந்ததே ஒயின் தாழிகளுக்கு நடுவில்தான்.

இது ஜார்ஜியா நாட்டின் கிழக்குப் பகுதியான காகேத்தியில், ஓர் ஏப்ரல் மாதத்தில் நேர்ந்தது. என் தமக்கை மகன் தலைநகர் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறான். தமிழகத்திலிருந்து மருத்துவம் பயில அந்நாட்டுக்குச் செல்லும் மாணவர்கள் இன்று பலர். அவனைப் பார்த்துவரச் சென்றபோது, ‘மாமா, இந்த நாட்டை மருத்துவக் கல்லூரி வாசலில் நின்று புரிந்துகொள்ள முடியாது, ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போகவேண்டும்’ என்றான். நான் மதுப் பழக்கம் உடையவன் அல்லன். மதுவால் நம் குடும்பங்கள் படும் பாட்டை அறிந்தவன் என்ற முறையில் எனக்குத் தயக்கமும் இருந்தது. ஆயினும், ஒரு சமுதாயம் தன் மரபை எவ்வாறு காத்துக்கொள்கிறது என்பதை அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டேன். அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஜார்ஜியர்கள் தங்கள் நாட்டை ‘ஒயினின் தொட்டில்’ என்று அழைத்துக்கொள்வது வெறும் பெருமைப் பேச்சன்று. திபிலிசிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் கதாச்சிரிலி கோரா, ஷுலாவெரிஸ் கோரா என்னும் இரு மேடுகள் உள்ளன. புதிய கற்கால மக்கள் வாழ்ந்த அவ்விடங்களில் கிடைத்த பானை ஓடுகளை வேதியியல் ஆய்வுக்கு உட்படுத்தியபோது, திராட்சையில் மிகுதியாக உள்ள டார்டாரிக் அமிலத்தின் எச்சங்கள் அவற்றில் காணப்பட்டன. பானைகளின் காலம் கி.மு. 6000-க்கும் 5800-க்கும் இடைப்பட்டது. 2017-ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வு, திராட்சையிலிருந்து மது வடித்த வரலாற்றை ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்குப் பின்னால் கொண்டு சென்றது.

தொன்மை ஒருபுறம் இருக்கட்டும். தொன்மையான பொருள்கள் எல்லா நாட்டு அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. இங்கு வியப்புக்குரியது, மண்பானையில் ஒயின் செய்யும் அந்தப் பழக்கம் இன்றும் வீட்டுப் புழக்கத்தில் இருப்பதுதான்.

திபிலிசியிலிருந்து கொம்போரி மலைக் கணவாய் வழியாகச் சென்றால் இரண்டு மணி நேரத்தில் தெலாவி நகரை அடையலாம். அதற்கு அப்பால் அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. ஒருபக்கம் பனி மூடிய காகசஸ் மலைத்தொடர். அதன் அடிவாரம் வரை திராட்சைத் தோட்டங்கள். நாங்கள் சென்றபோது கொடிகளில் அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த பண்ணையும் அதன் அருகிலிருந்த ஒரு சிற்றூரில், ஒரு குடும்பத்துக்குச் சொந்தமானது. தாத்தா, மகன், மருமகள், பேத்தி என நால்வர்தான் வேலையாள்கள். அறுவடைக் காலத்தில் மட்டும் உறவினரும் அண்டை வீட்டாரும் வந்து கைகொடுப்பார்கள். ஆங்கிலம் அறிந்த பேத்தி எங்களுக்கு விளக்கம் தந்தாள்.

ஜார்ஜிய மொழியில் ஒயின் அறைக்கு ‘மரானி’ என்று பெயர். தரையில் புதைந்திருக்கும் தாழிக்குக் ‘க்வெவ்ரி’ என்று பெயர். தமிழ் வாசகர்களுக்கு அதை விளக்குவது எளிது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த முதுமக்கள் தாழியைப் படத்திலேனும் பார்த்திருப்போம். அதுபோல அகன்ற வயிறும் குறுகிய அடிப்பாகமும் கொண்ட பெரிய மண்தாழியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதைக் கழுத்துவரை மண்ணில் புதைத்து, வாய் மட்டும் தரைமட்டத்தில் தெரியும்படி விட்டால் அதுதான் க்வெவ்ரி. சில பத்து லிட்டர் கொள்ளும் சிறு தாழியும் உண்டு; ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கக்கூடிய, ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தாழியும் உண்டு.

பண்டைய ரோமானியரின் ‘ஆம்போரா’ சாடியோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்வதுண்டு. அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்த ஆம்போராக்கள், கடல் கடந்து சரக்கு கொண்டுவந்த கைப்பிடிச் சாடிகள். ஆம்போரா பயணம் செய்யும் கலன். க்வெவ்ரியோ ஒருமுறை புதைத்துவிட்டால் தலைமுறைகளுக்கும் இடம்பெயராது. அங்கேயே சாறு நொதிக்கிறது. அங்கேயே ஒயின் முதிர்கிறது.

தாழியை மண்ணுக்குள் புதைப்பதற்கு அறிவியல் காரணம் உண்டு. திராட்சைச் சாறு நொதிக்கும்போது வெப்பம் உண்டாகும். வெப்பம் மிகுந்தால் நொதிக்கும் நுண்ணுயிர்கள் மடியும், மணமும் கெடும். இன்றைய ஆலைகளில் குளிர்சாதன இயந்திரங்கள் செய்யும் வேலையை இங்கே பூமியே செய்கிறது. சுற்றியுள்ள மண் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. குளிர்காலத்தில் மேலே பனி பெய்தாலும், கோடையில் வெயில் காய்ந்தாலும், தாழிக்குள் பெரிய மாற்றம் இருப்பதில்லை.

குறுகிய அடிப்பாகத்துக்கும் காரணம் இருக்கிறது. நொதித்தல் முடிந்ததும் கசப்புச் சாரம் நிறைந்த விதைகள் அடியில் உள்ள அந்தச் சிறு குழியில் தங்கிவிடுகின்றன. வண்டல் அவற்றின்மேல் படிந்து மூடிக்கொள்கிறது. எனவே ஒயின் விதைகளோடு அதிகம் உறவாடுவதில்லை. வடிகட்டி இல்லாத காலத்தில், தாழியின் வடிவத்தையே வடிகட்டியாக்கியிருக்கிறார்கள். பொறியியல் படிக்காத ஒரு குயவரின் கைக்கு இவ்வளவும் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் காகேத்தியில் அறுவடை நடக்கும். ‘ர்த்வேலி’ எனப்படும் அது வேலையும் விழாவும் கலந்த காலம். பறித்த குலைகளைக் குடையப்பட்ட ஒரு பெரிய மரத்தொட்டியில் கொட்டிக் காலால் மிதிப்பது பழைய முறை. அத்தகைய தொட்டி ஒன்று அந்த வீட்டிலும் இருந்தது. சாறு, தோல், விதை அனைத்தும் தாழிக்குள் போகும். நொதியத்தை வெளியிலிருந்து சேர்ப்பதில்லை. பழத்தின் தோலிலும் தாழி அறையிலும் இயற்கையாக உள்ள நுண்ணுயிர்களே போதும். நொதிக்கும்போது வெளியாகும் வாயு தோல்களை மேலே தள்ளி ஒரு தடித்த ஆடையாக்கிவிடும். அது காய்ந்தால் கெட்டுப்போகும். ஆகவே ஒரு நாளில் பலமுறை, நள்ளிரவிலும் எழுந்து, நீண்ட கழியால் அதை அமுக்கிவிட வேண்டும். ‘கைக்குழந்தை உள்ள வீடுபோல் அந்த நாள்களில் எங்களுக்குத் தூக்கம் இராது’ என்றார் மருமகள்.

சிவப்பு ஒயினில் சில வாரங்களில் தோலை நீக்கிவிட்டு, தெளிந்ததை மீண்டும் தாழியில் இட்டு, கற்பலகையால் மூடி, களிமண்ணால் விளிம்பை அடைத்துவிடுகிறார்கள். வசந்தம் வரும்வரை அதை யாரும் தொடுவதில்லை. வெள்ளைத் திராட்சையை மட்டும் காகேத்தியர்கள் தோலோடேயே ஏறத்தாழ ஆறு மாதம் விட்டுவைப்பார்கள். அது தேன் நிறம் பெறும். நாங்கள் சென்றிருந்தது தாழி திறக்கும் பருவம்.

பெரியவர் களிமண்ணைச் சுரண்டி, பலகையை நகர்த்தினார். உள்ளே கருமை. சுரைக் குடுவையை அதனுள் இறக்கி மொண்டு, சிறிய மண் கிண்ணங்களில் ஊற்றினார். ‘சாபெராவி’ என்னும் திராட்சையிலிருந்து செய்தது அது. அந்தப் பெயருக்குச் சாயம் தருவது என்று பொருள். பொதுவாகக் கருந்திராட்சையின் தோலில்தான் நிறம் இருக்கும். சதை வெளிறியே இருக்கும். சாபெராவியில் சதையே சிவப்பு. அதனால் ஒயின் மைபோல் அடர்ந்திருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் மட்டும் நாவற்பழ ஊதா தெரிந்தது.

ஒரு மிடறு. முதலில் புளிப்பு, பிறகு கரும்பழங்களின் மணம், இறுதியில் நாக்கையும் ஈறுகளையும் இறுக்கிப் பிடிக்கும் ஓர் உணர்வு. இந்த இறுதி உணர்வை விளக்க ஒயின் அறிஞர்கள் பல சொற்களைத் தேடுவார்கள். தமிழனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அறுசுவையில் ஒன்றாகத் ‘துவர்ப்பு’ என்று அதற்குப் பெயரிட்டு வைத்திருக்கிறோம். கடுக்காயும் வாழைப்பூவும் தரும் அதே துவர்ப்பு. தேயிலையில் உள்ளது போன்ற ‘டானின்’ என்னும் பொருள்தான் இதற்குக் காரணம். திராட்சைத் தோலிலும் விதையிலும் அது மிகுதி. ஒயின் நீண்ட நாள் கெடாமல் இருக்கவும் அது துணைபுரிகிறது.

இனிப்பு அறவே இல்லை என்பது எனக்கு வியப்பாக இருந்தது. சிவப்பு ஒயின் என்றால் இனிப்பாக இருக்கும் என்பதே என் எண்ணம். பேத்தி விளக்கினாள்: பழத்தின் சர்க்கரை முழுவதையும் நுண்ணுயிர்கள் உண்டு சாராயமாக மாற்றிவிட்டால் எஞ்சுவது இனிப்பற்ற ஒயின். சாபெராவியிலேயே இனிப்பு ஒயினும் உண்டு. க்வாரெலி பகுதியில் புகழ்பெற்ற ‘கிண்ட்ஸ்மராவுலி’ அத்தகையது. அதில் நொதித்தலைக் குளிரூட்டி இடையிலேயே நிறுத்திவிடுவதால் பழத்தின் சர்க்கரை சிறிது மீந்திருக்கும்.

இரண்டாவது கிண்ணத்தில், தாழியிலிருந்து எடுத்துப் புட்டியில் அடைத்து மூன்றாண்டு வைத்திருந்த அதே சாபெராவி. தாழியில் கண்ட முரட்டுத்தனம் அடங்கியிருந்தது. துவர்ப்பு இருந்தது, ஆனால் இறுக்கவில்லை. உலர்பழமும் ஈரமண்ணும் கலந்ததுபோல் ஒரு மணம். மூன்றாவது, ‘தாவ்க்வேரி’ என்னும் வேறு வகைத் திராட்சை. வெளிறிய சிவப்பு; வாயில் இலேசாக இருந்தது. இந்தக் கொடியில் பூக்கள் பெண்பூக்களாகவே இயங்கும். அருகில் வேறு வகைக் கொடி இருந்தால்தான் காய்பிடிக்கும். ஆகவே இதைத் தனித்தோட்டமாக வளர்க்க முடியாது. ஜார்ஜியாவில் 500-க்கும் மேற்பட்ட உள்நாட்டுத் திராட்சை வகைகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் பல, இப்படிச் சிறு தோட்டங்களில் பக்கத்துக் கொடிகளின் துணையோடு பிழைத்தவையே.

நான்காவதாகப் பெரியவர் காட்டியதை நான் எதிர்பார்க்கவில்லை. மூலையில் இருந்த ஒரு தாழியைத் திறந்தார். காடி நெடி முகத்தில் அடித்தது. முந்தைய ஆண்டு கழுவும்போது நேர்ந்த கவனக்குறைவால் அந்தத் தாழி முழுவதும் புளித்துவிட்டதாம். குடும்பத்தின் ஆண்டு வருவாயில் ஒரு பங்கு அதோடு போயிற்று. ‘விருந்தினருக்கு இதை ஏன் காட்டுகிறீர்கள்?’ என்று கேட்டேன். ‘நல்லதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், இது தானாக நடக்கிறது என்று நினைத்துவிடுவீர்கள்’ என்றார்.

அன்று நான் கேட்ட சொற்களில் இதுவே என்னை மிகவும் சிந்திக்கவைத்தது. மரபு என்பதை நாம் பெரும்பாலும் ஓர் உணர்ச்சியாகவே கருதுகிறோம். அது உண்மையில் ஓர் உழைப்பு. தாழியின் உட்புறத்தைச் சுடச்சுடத் தேன்மெழுகு பூசிப் பக்குவப்படுத்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் காலியானதும், செர்ரி மரப்பட்டையை அடுக்கிச் செய்த தேய்ப்பானால் மீண்டும் மீண்டும் கழுவ வேண்டும்; கழுவிய நீர் குடிநீர்போல் தெளிந்து வரும்வரை விடக்கூடாது. கந்தகத் திரியை உள்ளே எரித்து நுண்ணுயிர்களைக் கொல்ல வேண்டும். பெரிய தாழிக்குள் ஆள் இறங்குமுன், நம் ஊரில் பாழுங்கிணற்றில் இறங்குபவர்கள் செய்வதுபோல, எரியும் மெழுகுவர்த்தியை இறக்கி நச்சுக்காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் 8,000 ஆண்டுப் பெருமை கைகொடுக்காது, காடிதான் மிஞ்சும்.

இந்த உழைப்புச் சங்கிலி அறுந்துபோகும் நிலை அண்மைக் காலத்தில் ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறது. 1921 முதல் 1991 வரை ஜார்ஜியா சோவியத் ஆட்சியின்கீழ் இருந்தது. அப்போது ஒயின் தயாரிப்பு அரசு ஆலைகளின் கைக்குச் சென்றது. தரத்தைவிட அளவே முதன்மையாயிற்று. மிகுந்த விளைச்சல் தரும் சில வகைகள் மட்டும் பரவலாக நடப்பட்டு, மற்றவை ஓரங்கட்டப்பட்டன. ஆலைக்குத் தாழி தேவைப்படவில்லை. ஆனால், வீட்டைச் சுற்றிய சிறு நிலத்தில் ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று சில கொடிகளை வளர்த்தது. தன் மரானியில் தனக்கென்று ஒயின் செய்துகொண்டது. ஆலைக்குப் போனது விற்பனைக்கு. தாழிக்குள் போனது திருமணத்துக்கும் இறந்தோர் நினைவு நாளுக்கும் விருந்தினருக்கும். மரபைக் காத்தது அந்த வீட்டுத் தாழிகள்தான்.

1985-இல் கோர்பச்சேவ் காலத்து மதுஒழிப்பு இயக்கத்தில் சோவியத் ஒன்றியம் எங்கும் திராட்சைத் தோட்டங்கள் அழிக்கப்பட்டன, ஜார்ஜியாவும் தப்பவில்லை. குடியால் விளைந்த கேட்டைத் தடுக்க எண்ணியதில் தவறில்லை. ஆனால், குடிநோயை ஒழிப்பதற்கும் பல்லாண்டுக் கொடியை வேரோடு பிடுங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த நடவடிக்கை உணரவில்லை. அடுத்து 2006-இல், தரக்குறைவைக் காரணம் காட்டி ஜார்ஜிய ஒயினுக்கு ரஷியா தடை விதித்தது. அரசியல் பகையே உண்மைக் காரணம் என்றது ஜார்ஜியா. ஏற்றுமதியின் பெரும்பங்கு ரஷியாவுக்கே சென்றுகொண்டிருந்ததால், அது கழுத்தில் விழுந்த அடி. எப்படிச் செய்தாலும் விற்கும் என்ற நிலை போய், புதிய நாடுகளில் புதிய வாடிக்கையாளரைத் தேடும் கட்டாயம் வந்தது. அங்கே தங்களைத் தனித்துக்காட்ட அவர்களிடம் இருந்த ஒரே சொத்து, ஆலைகள் கைவிட்டிருந்த அந்தத் தாழி! 2013-இல் தடை நீங்கியது. அதே ஆண்டில் க்வெவ்ரி முறையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது.

இத்துடன் கதை சுபமாக முடிந்துவிட்டதாகக் கருத இயலாது. ஜார்ஜியாவின் மொத்த ஒயின் உற்பத்தியில் தாழியில் செய்யப்படுவது இன்றும் மிகச் சிறு பங்கே. தாழியை வனையத் தெரிந்த குயவர் குடும்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளன. தெலாவிக்கு அருகிலுள்ள வர்திசுபானி, மேற்கே இமெரெத்தியில் உள்ள மகதுபானி போன்ற சில ஊர்களே அதற்குப் பெயர்பெற்றவை. பெரிய தாழியைச் சக்கரத்தில் வனைய முடியாது. களிமண்ணைத் திரித்துச் சுற்றுச் சுற்றாகக் கையால் ஏற்ற வேண்டும். ஒரு சுற்று இறுகிய பிறகே அடுத்தது. ஒரு தாழி முழுமையடையப் பல வாரங்கள் ஆகும். பின்னர் சூளையில் பல நாள்கள் சுட வேண்டும். உள்ளே தெரியாமல் ஒரு விரிசல் விழுந்தால் அத்தனை உழைப்பும் வீண். நகரத்தில் மாதச் சம்பளம் கிடைக்கும்போது எந்த இளைஞர் இதற்கு வருவார்?

‘ஒயின் செய்ய என் பேத்தி இருக்கிறாள். தாழி செய்பவரின் பேரன் எங்கே என்றுதான் தெரியவில்லை’ என்றார் பெரியவர். அவருடைய தாழிகளில் இரண்டு, அவருடைய தாத்தா காலத்தில் புதைக்கப்பட்டவை. அவை உடைந்தால் மாற்று கிடைக்குமா என்பதே அவர் கவலை. யுனெஸ்கோ தந்த சான்றிதழைக் கொண்டு ஒரு தாழியைக்கூட வனைய முடியாது அல்லவா?

விடைபெறுமுன் தோட்டத்தில் மேசை போட்டு ரொட்டியும் பாலாடைக்கட்டியும், திராட்சைச் சாற்றில் தோய்த்த அக்ரூட் சரமான ‘சுர்ச்கேலா’வும் வைத்தார்கள். ஜார்ஜிய விருந்தில் நினைத்தபோது கோப்பையை எடுத்துக் குடிப்பது முறையன்று. ‘தமாதா’ என்னும் விருந்துத் தலைவர் எழுந்து ஒன்றை வாழ்த்திப் பேசிய பிறகே பருகவேண்டும். பெரியவர் அமைதியை வாழ்த்தினார். மறைந்த முன்னோரை நினைவுகூர்ந்தார். தொலைதூரத்திலிருந்து படிக்க வந்திருக்கும் பிள்ளைகளையும், அவர்களுக்காகக் காத்திருக்கும் பெற்றோரையும் வாழ்த்தினார். என் மருமகன் தலைகுனிந்துகொண்டான். மூன்றாம் வாழ்த்தோடு நான் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன், அவர் வற்புறுத்தவில்லை.

மரபைப் போற்றுவதாகச் சொல்லும் எல்லாச் சமுதாயங்களுக்கும் அந்தச் சிறு பண்ணை சொல்லும் செய்தி ஒன்றுதான். மேடையில் புகழப்படுவதால் எந்தக் கைத்தொழிலும் பிழைப்பதில்லை. அது வீட்டில் புழங்க வேண்டும். செய்பவருக்குச் சோறு போட வேண்டும். செய்பவருக்குக் கருவி செய்து தருபவருக்கும் சோறு போட வேண்டும். பானையில் உள்ளதைப் பாராட்டும்போது பானை வனைந்தவரை மறந்துவிட்டால், ஒருநாள் இரண்டுமே இல்லாமற்போகும்.

நாங்கள் கிளம்பியபோது பெரியவர் மரானிக்குள் மண்டியிட்டு, திறந்த தாழியின் விளிம்பில் ஈரக் களிமண்ணைப் பூசி மீண்டும் அடைத்துக்கொண்டிருந்தார். பேத்தி அருகில் அமர்ந்து களிமண்ணைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.